ஈரம் போன பிறகுதான் விலை: ஏலக்காயும் மிளகும் தேடி, போடியிலிருந்து முசிறி வரை ஆறு நாள்

முதல் நாள்: போடிநாயக்கனூர்

மதுரையிலிருந்து ரயிலில் போடி வரை வரலாம். மீட்டர் கேஜ் பாதை 2010 கடைசியில் மூடப்பட்டு, அகலப்பாதையாகி, போடி வரை மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது 2023 ஜூனில். இடைப்பட்ட பன்னிரண்டு வருஷமும் ஏலக்காய் மூட்டைகள் லாரியில்தான் இறங்கின. தேனியில் இறங்குகிறவர்களுக்குப் பேருந்தில் இன்னும் 15 கிலோமீட்டர்.

ஊருக்குள் நுழைந்ததும் காற்றில் ஏலக்காய் மணக்கும். ஆனால் போடியின் வயல்வெளியில் ஒரு ஏலச்செடி கிடையாது. மலையின் மழை மறைவுப் பக்கம் இது. வெயிலும் வறண்ட காற்றும்தான் இங்கே விளைச்சல். காய் விளைவது மேலே இடுக்கி மாவட்டத்தில். மலையில் மழைக்காலத்தில் ஒரு மூட்டையைத் திறந்து வைத்தால் மறுநாளே காய் நமுத்துவிடும். கீழே அந்தத் தொல்லை குறைவு. மண்டிகள் அடிவாரத்தில் வளர்ந்ததற்கு ரயிலும் வியாபாரிகளும் காரணம் என்பார்கள். இந்த வறண்ட காற்றையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கிட்டங்கியில் முதலில் கண்ணில் படுவது சல்லடை. 8 மில்லிமீட்டர், 7, 6 என்று துளை போட்ட சல்லடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஆடும். மேல் சல்லடையில் தங்கும் காய்க்குத்தான் பெரிய விலை. அதற்குப் பிறகு தரையில் உட்கார்ந்த பெண்கள் கையால் பொறுக்குவார்கள். வாய் பிளந்தது, வெளுத்தது, இலைப்பேன் என்ற பூச்சி அரித்துச் சொரசொரப்பானது எல்லாம் தனித்தனிக் குவியல்.

அளவு பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. உள்ளே விதை நிறைந்திருக்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் லிட்டர் எடை. ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் காயைத் தலைதட்டி நிரப்பி நிறுப்பார்கள். ஆலப்புழைப் பச்சை ஏலக்காய்க்கான பழைய ஏற்றுமதித் தரப்பட்டியலில் எக்ஸ்ட்ரா போல்டு என்றால் 7 மில்லிமீட்டர், லிட்டருக்கு 435 கிராம். போல்டு என்றால் 6 மில்லிமீட்டர், 415 கிராம். அதற்கும் கீழே 5 மில்லிமீட்டர், 385 கிராம். காய் பெரிதாக இருந்து லிட்டர் எடை குறைந்தால், பறித்தவர் அவசரப்பட்டிருக்கிறார் என்று பொருள். தோல் வளர்ந்திருக்கும், விதை முற்றியிருக்காது.

கடையில் வாங்குகிறவர்களுக்கு: ஒரு காயைப் பிரித்து விதையைப் பாருங்கள். கருத்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, லேசாகப் பிசுபிசுத்தால் நல்ல சரக்கு. வெளிர்பழுப்பாக, உதிர்ந்து கிடந்தால் இளங்காய் அல்லது பழஞ்சரக்கு. தோல் கிளிப்பச்சையாகப் பளீரென்று இருந்தால் ஈரக் கைக்குட்டையில் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஏற்றியிருந்தால் துணி காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாம் நாள்: போடிமெட்டு, பூப்பாறை

விடிவதற்கு முன்பே மலைக்கு ஜீப்புகள் கிளம்பிவிடும். தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் அதில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் அதே ஜீப்பில் இறக்கம். ஏலக்காயின் அடக்கவிலையில் பெரும்பங்கு இந்தக் கூலிதான். செடியில் காய் ஒரே சமயத்தில் முற்றாது என்பதே அதற்குக் காரணம்.

அதைத் தோட்டத்துக்குள் போய்ப் பார்த்தால்தான் விளங்கும். ஏலச்செடி ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். தூரத்தில் பார்த்தால் இஞ்சிச் செடியின் பெரியண்ணன். ஆனால் காய் மேலே காய்க்காது. தூரிலிருந்து சரம் கிளம்பி, தரையோடு தரையாக நீளும். ஒரே சரத்தில் நுனியில் பூ, நடுவில் பிஞ்சு, அடியில் முற்றிய காய். பூவின் ஆயுசு ஒரு நாள். அன்றைக்குத் தேனீ வரவில்லையென்றால் காய் இல்லை. விடாமல் மழை பெய்தால் தேனீ வராது. பூத்ததிலிருந்து காய் முற்ற ஏறக்குறைய நான்கு மாதம் ஆகும்.

அதனால் ஒரே செடிக்கு முப்பது, நாற்பது நாளுக்கு ஒருமுறை என்று திரும்பத் திரும்ப வர வேண்டும். ஜூலை, ஆகஸ்ட்டில் ஆரம்பித்து ஜனவரி, பிப்ரவரி வரை காயெடுப்பு நடக்கும். அக்டோபர், நவம்பரில் உச்சம். ஒவ்வொரு முறையும் குனிந்தோ குத்துக்காலிட்டோ, சரத்தைப் புரட்டி, முற்றியதை மட்டும் பறிக்க வேண்டும். இதைச் செய்ய இன்னும் இயந்திரம் வரவில்லை. விரல்தான் பார்த்துப் பறிக்கிறது.

எது முற்றியது? மலையில் கரிங்காய் என்று ஒரு பருவம் சொல்வார்கள். தோல் இன்னும் பச்சை, உள்ளே விதை கருத்துவிட்டது. அதுதான் பறிக்கும் நேரம். ஒரு வாரம் முந்தினால் உலர்த்தும்போது காய் சுருங்கும், எடை போகும். பிந்தினால் தோல் மஞ்சளடிக்கும், உலர்த்தும்போது வாய் பிளக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவது கடினம். பழகிய கைக்குத் தெரியும்.

இலைப்பேன் இந்தத் தோட்டங்களின் தீராத தலைவலி. பிஞ்சுத் தோலைச் சுரண்டி உறிஞ்சும். காய் பெரிதானதும் அந்த இடம் சொறிபிடித்தாற்போல் நிற்கும். சுவையில் பெரிய குறை இருக்காது, ஆனால் விலை சரிந்துவிடும். அதற்குப் பயந்து அளவுக்கு மீறி மருந்தடித்து, அந்த மருந்தின் எச்சம் காயில் தங்கி, சவூதி அரேபியா சரக்கைத் திருப்பியனுப்பிய கதையும் நடந்திருக்கிறது. சவூதியில் காபியென்றால் ஏலக்காய் போட்ட காபிதான். அந்தச் சந்தையை இழந்தால் நட்டம் கொஞ்சமல்ல.

இந்தப் பக்கம் பெரும்பாலான தோட்டங்களில் இப்போது இருப்பது ஞள்ளானி. ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகம் இல்லை. இடுக்கியில் ஒரு விவசாயி தன் தோட்டத்திலேயே தேர்ந்தெடுத்துப் பெருக்கியது, அவர் வீட்டுப் பெயரே ரகத்துக்கும் பெயர். விளைச்சல் அதிகம், காய் பெரிது. ஆனால் உரமும் தண்ணீரும் தாராளமாகக் கேட்கும். பழைய மலபார் ரகம் இவ்வளவு செல்லம் கொஞ்சாது.

மூன்றாம் நாள்: ஸ்டோரும் புத்தடியும்

நெடுங்கண்டம் வழியாகப் போகும்போது மயிலாடும்பாறையில் இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் வரும். அதைத் தாண்டிப் போகிற வழியெல்லாம் தகரக் கூரையும் புகைபோக்கியுமாக ஸ்டோர்கள். காயை உலர்த்தும் கட்டடத்துக்கு மலையில் ஸ்டோர் என்றே பெயர். பறித்த காய் ஒரு நாளுக்குள் இங்கே வந்து சேர வேண்டும். தாமதித்தால் பச்சை போய்விடும்.

முதலில் கழுவல். பச்சை நிறம் நிற்பதற்காகச் சிலர் 2 சதவீத சலவை சோடாக் கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து எடுப்பார்கள். பிறகு கம்பிவலைத் தட்டுகளில் ஒரே அடுக்காகப் பரப்ப வேண்டும். இரண்டடுக்கு போட்டால் அடியில் கிடக்கும் காய் ஆவியில் வெந்துபோகும். கீழே உலையில் விறகு எரியும். அனல் குழாய் வழியாக அறையைச் சுற்றிவரும். காயில் புகை படக்கூடாது.

சூட்டின் கணக்கு இது. கதவையும் காற்றுவழியையும் அடைத்து, 50 டிகிரி செல்சியஸில் முதல் மூன்று, நான்கு மணி நேரம். காய் வியர்க்க ஆரம்பித்ததும் காற்றுவழிகளைத் திறந்து, விசிறி போட்டு ஈரத்தை வெளியே தள்ளி, 45 டிகிரியில் 24 முதல் 30 மணி நேரம். கடைசியில் ஒன்றிரண்டு மணி நேரம் 60 டிகிரி. அந்தக் கடைசிச் சூட்டில்தான் காம்பும் பூவின் காய்ந்த மிச்சமும் மொறுமொறுப்பாகி, தேய்த்ததும் உதிரும்.

கெட்டுப்போகிற இடம் பெரும்பாலும் முதல் கட்டம். சீக்கிரம் முடிக்கலாம் என்று ஆரம்பத்திலேயே உலையைக் கூட்டினால் தோல் முந்திக்கொண்டு காய்ந்து இறுகும், உள்ளீரம் வெளியே வர வழியில்லாமல் காய் வெடிக்கும், நிறம் பழுப்படிக்கும். ஈரம் போவதற்கு வழி திறக்காமல் விட்டால் மஞ்சளடிக்கும். இரவு இரண்டு மணிக்கு உலைக்கு விறகு தள்ளுகிறவர் கண்ணயர்ந்தால் மறுநாள் ஏலத்தில் அது கிலோவுக்குச் சில நூறு ரூபாயாகத் தெரியும்.

ஐந்து கிலோ பச்சைக் காய் போட்டால் ஒரு கிலோ உலர்காய் வரும். காய் இளசாக இருந்தால் ஆறு கிலோவும் பிடிக்கும். மீதி நான்கு கிலோவும் தண்ணீர். கப்பலும் ஒட்டகமும் கழுதையும் சுமந்த காலத்தில் இந்தக் கணக்குதான் ஒரு பொருள் விலையேறியதா இல்லையா என்பதைத் தீர்மானித்தது. மாம்பழம் ஏலக்காயைவிட ருசிதான். ஆனால் அன்று மாம்பழத்தை மஸ்கட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க முடியாது.

உலர்ந்ததைக் கருப்பு பாலித்தீன் உறையிட்டுச் சாக்கில் கட்டுவார்கள். கருப்பு எதற்கென்றால், வெளிச்சம் பட்டால் பச்சை வெளுக்கும். வீட்டிலும் கண்ணாடிப் புட்டியில் போட்டு ஜன்னலோரம் வைக்காதீர்கள். தோலோடு வைத்தால் மணம் மாதக்கணக்கில் நிற்கும். விதையாகவோ பொடியாகவோ வைத்தால் வாசனை எண்ணெய் மளமளவென்று பறந்துவிடும். ஏலப்பொடி வாங்குவதே வீண் செலவு என்பேன்.

புத்தடியில் மசாலாப் பூங்கா இருக்கிறது. ஏலக்காயின் மின்ஏலம் இங்கும் போடியிலும் நடக்கிறது. ஏலக்கூடத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போவது நல்லது. உள்ளே வரிசையாகத் திரைகள், ஒவ்வொரு திரைக்கு முன்னாலும் ஒரு வியாபாரி. லாட் லாட்டாகச் சாம்பிள் வந்துகொண்டிருக்கும். வியாபாரி உள்ளங்கையில் கொட்டி உருட்டுவார், ஒன்றைப் பிளப்பார், மோந்து பார்ப்பார், பொத்தானை அழுத்துவார். எல்லாம் சில நொடி. கீழே சிந்தும் காய்களைப் பார்த்தால் வீட்டில் பாயசத்துக்கு எண்ணிப் போடுகிறவர்களுக்கு மனசு கேட்காது.

2019 ஆகஸ்டில் இங்கே ஒரு லாட் கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. முந்தின வருஷம் ஆகஸ்டில் பெருவெள்ளத்தில் செடிகள் அழுகின. அடுத்த கோடையில் மழை பொய்த்தது. சரக்கே இல்லை. 7,000 என்ற எண்ணைக் கேட்டு ஊரெல்லாம் செடி வைத்தார்கள். ஏலச்செடி நட்டு மூன்றாம் வருஷம் நன்றாகக் காய்க்கும். 2021 கடைசியில் விலை 1,000 ரூபாய்க்குப் பக்கத்தில் கிடந்தது. இதில் குவாத்தமாலாவையும் கணக்கில் எடுக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மானியத் தோட்ட முதலாளி அங்கே கோபான் பக்கம் கொண்டுபோய் வைத்த செடி, இன்று உலகிலேயே அதிகம் ஏற்றுமதியாகும் ஏலக்காயாக நிற்கிறது. அவர்களுக்கு உள்ளூரில் ஏலக்காய் தின்னும் பழக்கம் இல்லை. விளைந்ததில் ஏறக்குறைய எல்லாமே கப்பலேறும்.

நான்காம் நாள்: குமுளி

இன்றைக்கு மிளகு. ஜனவரியில் இந்த மலையில் அறுவடை சூடுபிடிக்கும். முருக்கு மரத்திலோ சில்வர் ஓக்கிலோ கொடி ஏறியிருக்கும். ஒற்றைக்கால் மூங்கில் ஏணியைக் கிளையில் சாய்த்து ஏறிப் பறிப்பார்கள். ஏணியில் பக்கத்துக்கு ஒரு கணு மட்டும் விட்டிருக்கும், கட்டைவிரல் வைக்கத்தான் இடம். பார்க்கிறவர்களுக்குக் கூசும்.

கதிரில் ஒன்றிரண்டு மணி மட்டும் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ மாறியதும் கதிரையே பறிக்க வேண்டும். எல்லா மணியும் பழுக்கட்டும் என்று காத்திருந்தால் பாதியைப் பறவை தின்றுவிடும், மீதி உதிரும். முந்திப் பறித்தால் பதர் கூடும். தண்ணீரில் போட்டால் மிதப்பதெல்லாம் பதர்.

கதிரிலிருந்து மணியை உதிர்க்க முன்பெல்லாம் மிதிப்பார்கள், இப்போது சிறு இயந்திரம் இருக்கிறது. அப்படியே வெயிலில் போட்டாலும் மிளகு கருக்கும், ஆனால் ஒரே சீராக இருக்காது. கூடையில் மணியைப் போட்டுக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கியெடுத்துப் பரப்பினால் ஒரே கருமை வரும். ஐந்தாறு நாள் வெயில் வேண்டியது மூன்று, நான்கு நாளில் முடியும். கருமை வருவது தோலில் இருக்கும் நொதியால். சூடு பட்டுத் தோலின் செல்கள் உடைந்ததும் நொதி வேலை செய்யத் தொடங்கும். ஒரு நிமிடத்தை நான்கு நிமிடமாக்கினால் நொதியே செத்துவிடும், மிளகு பழுப்பாகவே நின்றுவிடும். சமையலில் பழகிய கை 'நன்றாகக் கொதிக்கட்டும்' என்று விட்டுவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு.

நூறு கிலோ பச்சை மணிக்கு உலர்ந்தது 33 கிலோ. ஈரம் 11 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். பல்லால் கடித்தால் நொறுங்க வேண்டும், நசுங்கக்கூடாது. நசுங்குகிற மிளகை மூட்டை கட்டினால் இரண்டு வாரத்தில் வெண்பூஞ்சை. சாணி மெழுகிய களத்தில் காயப்போடுவது பழைய வழக்கம். வெளிநாட்டுப் பரிசோதனையில் கிருமி தென்பட்டுத் திரும்பிவரும் சரக்கு பலவற்றின் கோளாறு களத்திலேயே தொடங்குகிறது. சிமெண்டுத் தளம் அல்லது சுத்தமான தார்ப்பாய் போதும்.

வெள்ளை மிளகு வேறு செடி அல்ல. நன்றாகப் பழுத்ததைச் சாக்கில் கட்டி ஓடும் நீரிலோ, தினமும் மாற்றும் தண்ணீரிலோ ஏழு முதல் பத்து நாள் ஊறப்போட்டு, தோலைப் பிசைந்து கழற்றி உலர்த்துவது. நூறு கிலோவுக்கு 25 கிலோதான் மிஞ்சும். தண்ணீரை மாற்றாமல் விட்டால் சாக்கடை நாற்றம் மிளகில் ஏறிவிடும், பிறகு எதைச் செய்தாலும் போகாது.

கரிமுண்டா இங்கே பழைய ரகம். நிழல் தாங்கும், எடை நிற்கும். பன்னியூர் 1 என்பது உலகின் முதல் கலப்பின மிளகு, கண்ணூர் பக்கத்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1971இல் வந்தது. மணி பெரிது, வெயில் நிறைய வேண்டும். இரண்டையும் ஒரே நோய் அடிக்கும். மழைக்காலத்தில் அடித்தண்டு அழுகி, பச்சையாக நின்ற கொடி சில வாரத்துக்குள் இலை உதிர்ந்து சாய்ந்துவிடும். வாட்டம் என்பார்கள். தண்ணீர் தேங்காமல் வடித்துவிடுவதும், பருவமழைக்கு முன் தூரில் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி ஊற்றுவதும்தான் கைகொடுக்கும். வாடிய பிறகு காப்பாற்ற முடியாது.

வாங்கும்போது மிளகையும் லிட்டரில் நிறுத்துப் பாருங்கள். 550 கிராம் நின்றால் நல்ல சரக்கு. 500க்குக் கீழே போனால் பதர் கலந்திருக்கிறது. பப்பாளி விதை கலந்திருந்தால் தண்ணீரில் மிதக்கும், கடித்தால் காரம் இருக்காது.

இதே வீட்டுத் தோட்டங்களில் ஜாதிக்காய் மரமும் நிற்கும். இன்றைக்குக் கொல்லையில் உதிர்ந்து கிடக்கும் இந்தக் காய்க்காகத்தான் இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளில் டச்சுக்காரர்கள் ரத்தம் சிந்தவைத்தார்கள். 1667இன் பிரேடா உடன்படிக்கையில் ருன் என்ற ஜாதிக்காய்த் தீவு அவர்களிடமும், மன்ஹாட்டன் ஆங்கிலேயரிடமும் நின்றது. அது வேறு பயணம்.

ஐந்தாம் நாள்: மட்டாஞ்சேரி

மலையிறங்கிக் கொச்சி வந்து சேரவே பாதி நாள் போய்விடும். மட்டாஞ்சேரியில் யூதத் தெருவும் பஜார் தெருவும் இன்று பெரும்பாலும் சுற்றுலாக் கடைகள். கண்ணாடிப் பொட்டலத்தில் வெயில்படக் கிடக்கும் ஏலக்காயை இங்கே வாங்காதீர்கள்.

யூதத் தெருவில் மிளகுக்கான முன்பேர வணிகச் சந்தை, அதாவது பின்னால் வரும் சரக்குக்கு இன்றே விலை பேசும் சந்தை, 1957இல் தொடங்கியது. தரகர்கள் கூடி நின்று கத்தி விலை பேசுவார்கள். தொலைபேசியைக் காதில் வைத்தபடி விரலால் சைகை. பிறகு கணினி வந்தது, கூச்சல் அடங்கியது. இன்று உலகின் பெரிய மிளகு உற்பத்தியாளர் வியட்நாம். அங்கிருந்து மலிவு மிளகு வந்து விழாமல் இருக்க 2017 டிசம்பரில் கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். இலங்கை மிளகு வேறு மாதிரி. காரமும் எண்ணெயும் தூக்கலாக இருப்பதால் சாறு எடுக்கும் ஆலைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

தரம் பிரிப்பதில் தலைச்சேரி என்று கேட்டால் ஊர்ப்பெயர் என்று நினைக்க வேண்டாம். அது இப்போது மணியின் அளவு. 4.25 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கினால் தலைச்சேரி எக்ஸ்ட்ரா போல்டு, 4.75இல் தங்கினால் ஸ்பெஷல் எக்ஸ்ட்ரா போல்டு. எங்கே விளைந்தாலும் பெரிய மணிக்கு அந்தப் பெயர் உண்டு. பெரிய மணிக்குக் காரம் அதிகம் என்பதும் தவறு. மணம் நன்றாயிருக்கும். காரத்துக்குச் சிறுமணியே போதும்.

2012 டிசம்பரில் கொச்சிக் கிட்டங்கிகளில் ஆறாயிரம் டன்னுக்கு மேல் மிளகை உணவுப் பாதுகாப்புத் துறை சீல் வைத்தது. கனிம எண்ணெய் பூசியிருந்ததே காரணம். பூசினால் மிளகு பளபளக்கும், தூசி அடங்கும், பூஞ்சை தள்ளிப்போகும். சரியாக உலர்த்தாத குறையை மறைக்க வேறு சுலபமான வழியில்லை. வெள்ளைத் தாளில் நாலு மணியை வைத்து அழுத்தித் தேயுங்கள். எண்ணெய்க் கறை படிந்தால் வாங்காதீர்கள்.

ஆறாம் நாள்: பட்டணம்

வடக்கு பறவூருக்குப் பக்கத்தில் பட்டணம் என்று ஒரு சிற்றூர். தென்னந்தோப்பும் வீடுகளும்தான். 2007இலிருந்து கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் தோண்டியதில் ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்கள், மணிகள், மரத்தாலான ஒரு ஓடம் எல்லாம் கிடைத்தன. சங்க காலத்துத் துறைமுகமான முசிறி இதுதான் என்று பலர் சொல்கிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. பார்க்கக் குழிகள் திறந்து கிடக்காது. பெரிய எதிர்பார்ப்போடு போனால் ஏமாற்றம்தான்.

அகநானூற்றின் 149ஆம் பாட்டில் யவனர் கலம் பேரியாற்று நுரை கலங்க வந்து, 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்'. கறி என்றால் மிளகு. புறநானூற்றின் 343ஆம் பாட்டு இன்னும் நுட்பம்: மிளகு மூட்டைகள் வீடுகளில் குவிந்து கிடக்கின்றன, கப்பல் தந்த பொன் கழித்தோணிகளில் ஏறிக் கரைக்கு வருகிறது. பெரிய கலம் கரைவரை வர ஆழமில்லை என்பது அதிலேயே தெரிகிறது. மூட்டை முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியதும் உண்மை. ஜூலையில் எகிப்திலிருந்து கிளம்பிய கப்பல் வடகிழக்குப் பருவக்காற்றைப் பிடித்துத் திரும்ப வேண்டும். மலையில் முழு அறுவடை முடியும்வரை காத்திருக்க அதற்கு நேரமில்லை. அப்படியானால் வீடுகளில் குவிந்திருந்ததில் போன வருஷத்து மிளகு நிறையவே இருந்திருக்கும். ஒரு வருஷம் வைத்தாலும் விலை குறையாத சரக்கு.

ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்த விலை: கருமிளகு ஒரு ராத்தல் 4 தினாரி (ரோமானிய வெள்ளிக்காசு), வெள்ளை 7, திப்பிலி 15. இதற்கு ருசியும் இல்லை, பார்க்க அழகும் இல்லை, காரம் ஒன்றுக்காக இந்தியா வரை போகிறார்களே என்று அவர் சலித்துக்கொண்டார். வியன்னாவில் இருக்கும், பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய பழைய ஒப்பந்தம் ஒன்று முசிறியிலிருந்து வந்த ஹெர்மாபொல்லோன் என்ற கப்பலின் சரக்கைப் பேசுகிறது. அதில் எகிப்தில் கட்டவேண்டிய சுங்கம் நாலில் ஒரு பங்கு. அதையும் கட்டிவிட்டு லாபம் பார்த்தார்கள். 408இல் ரோமை முற்றுகையிட்ட கோத் இனத் தலைவன் அலாரிக், பொன்னும் வெள்ளியும் போக 3,000 ராத்தல் மிளகும் கேட்டு வாங்கினான்.

செங்கடல் ஓரத்துப் பெரெனிக்கேயில் ஒரு கோயிலைத் தோண்டியபோது தரையில் புதைத்த இந்தியச் சாடி ஒன்று அகப்பட்டது. உள்ளே ஏழரை கிலோ மிளகு. கி.பி. முதல் நூற்றாண்டுச் சரக்கு. மணி மணியாக, இன்னும் மிளகாகவே இருந்தது.

பட்டணத்திலிருந்து வடக்கு பறவூருக்கு ஆட்டோ கிடைக்கும். அங்கிருந்து ஆலுவாவுக்கு அடிக்கடி பேருந்து. ஆலுவாவில் ரயிலேறிப் பாலக்காடு வழியாகக் கோவைக்குத் திரும்பிவிடலாம். வாங்கிய மிளகை வீட்டுக்குப் போனதும் ஒருநாள் வெயில் காட்டி, ஆறவிட்டுப் புட்டியில் போடுங்கள். ஏலக்காயை வெயிலில் காட்டாதீர்கள்.